ரோச் வகையறா

கடல் இல்லாத ஊரில் மனிதர்கள் எந்தப் பக்கம் பார்த்து யோசிப்பார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். செஞ்சியில் மூன்று நாள் தங்கியதில் அது தீர்ந்தது. அங்கே எல்லாரும் மலையைப் பார்த்து யோசிக்கிறார்கள். மழை வருமா என்று கேட்டாலும் மலை, மகனுக்கு எந்த மாதம் கல்யாணம் வைக்கலாம் என்று கேட்டாலும் மலை. தூத்துக்குடியில் பிறந்து, தூத்துக்குடியிலேயே வாக்கப்பட்டு, ஐம்பத்தெட்டு வயது வரை கடலைப் பார்த்தே சண்டை போட்டுப் பழகிய எனக்கு அது வெளிநாடுதான்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு பெயரைக் காப்பாற்றப் போனேன்.

என் ஒரே மகள் ஜெனிட்டா சென்னையில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீசில் இருக்கும் தினேஷைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். தினேஷின் அப்பா ஏகாம்பரம் செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் மாதா கோயிலில் ஒரு கல்யாணம், செஞ்சியில் மண்டபத்தில் ஒரு கல்யாணம் என்று போனிலேயே பேசி முடித்துவிட்டோம். சாமி விஷயத்தில் வராத சிக்கல் பத்திரிகையில் வந்தது. தினேஷின் அம்மா கற்பகம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“எங்க பத்திரிகைல பொண்ணு பேரு ஜெனிட்டான்னு மட்டும் போட்டுக்கறோமே சம்மந்தி. பின்னாடி இருக்கறது வேணாம்னு எங்க மூத்தாரு நெனைக்கறாரு.”

மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். பின்னாடி இருப்பது ‘ரோச்’. என் வீட்டுக்காரர் காஸ்பர் ரோச்சின் குடும்பப் பெயர். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் கப்பலில் சமைத்தவர், எத்தனையோ புயலைப் பார்த்தவர், கடைசியில் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு ஆண்பிள்ளை கிடையாது. ஜெனிட்டாவுக்குப் பிறக்கும் பிள்ளைகள் வேறு பெயரில் வளரும், அது தெரிந்ததுதான். ஆனால் அவள் கல்யாணப் பத்திரிகை வரைக்குமாவது அப்பன் பெயர் கூட வர வேண்டாமா? துணைக்குக் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். பெயரை வேண்டாம் என்றவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். சரி, நானே மிதித்துக்கொள்கிறேன் என்று பையை எடுத்தேன்.

இரவெல்லாம் ரயிலில் வந்து, வெள்ளிக்கிழமை காலை ரயிலடியிலிருந்து செஞ்சிக்குப் பஸ் பிடித்தேன். ஊர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். எனக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டையோடு வந்த ஒரு பெண், போனில் யாரிடமோ, “பஸ்சு பஞ்சராயிடுச்சு, நீ சாப்டியா, கொழந்த சாப்டுச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா” என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பையிலிருந்த பன்னில் பாதியைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றாள்.

அங்கே நின்றுதான் அந்த மலைகளை முதலில் சரியாகப் பார்த்தேன். மலை என்றால் ஒரே உடம்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவை உருண்டை உருண்டையான பாறைகள். யாரோ லாரி லாரியாகக் கொட்டிவிட்டு, அடுக்க ஆள் வரவில்லை என்று அப்படியே விட்டுப்போன மாதிரி கிடந்தன. எந்த நேரத்திலும் ஒன்று உருண்டு ரோட்டுக்கு வந்துவிடும் என்று எனக்குப் பயம். வெங்காயக்காரி சிரித்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து ஒன்றுகூட நகரவில்லையாம்.

திரும்ப ஏறிய அவசரத்தில் அவள் மூட்டை என் மக்ரூன் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் எங்கள் ஊர்ப் பெருமை, செஞ்சியில் இறங்கும்போது வெள்ளை மாவாகியிருந்தது. அதையும் நீட்டினேன். கற்பகம் முகர்ந்து பார்த்துவிட்டு, “முட்டை போட்டதா சம்மந்தி?” என்றார். அன்று வெள்ளி, தொட மாட்டார்கள். மறுநாள் சனி, பெருமாளுக்கு விரதம். டப்பா ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. ஞாயிறு மதியம்தான் இறக்கி ஸ்பூன் போட்டுத் தின்றார்கள்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நுழையும்போது வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கொள்ளு மூட்டை, வாய் திறந்து நின்றது. உளுந்து, துவரை எல்லாம் உள்ளே இருக்க, கொள்ளுக்கு மட்டும் முதல் மரியாதை ஏன் என்று கேட்டேன். ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ‘கொள்ளுக்காரர் வகையறா’வாம். கோட்டையில் குதிரைகள் இருந்த காலத்தில் அவர்கள் முன்னோர்கள் லாயத்துக்குக் கொள்ளு போட்டார்களாம். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு வகையறாப் பெயர் உண்டு. கோயில் திருவிழா நோட்டீசில், கல்யாணப் பேச்சில், சாவு வீட்டில் எல்லாம் அதைச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள். குதிரை போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் கொள்ளு மூட்டையை வாசலிலிருந்து நகர்த்துவதில்லை. இப்போது உடம்பு இளைக்க நினைக்கிறவர்கள் வாங்கிப்போகிறார்கள் என்றார்.

மத்தியானச் சாப்பாடு நன்றாகவே இருந்தது. மீன் இல்லாத குறையைக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு பாதி தீர்த்தது. மீதிப் பாதியைத் தீர்க்க முடியாது, அது எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி.

சாயங்காலம் மூத்தவர் தெய்வசிகாமணி வந்தார். ஏகாம்பரத்துக்கு அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் பேனா, பேச்சில் மரியாதை. நான் எங்கள் ஊர் வழக்கப்படி “வாங்க அண்ணாச்சி” என்றேன். அங்கே அண்ணாச்சி என்றால் தெற்கேயிருந்து வந்து கடை போட்டவர் என்று அர்த்தம். “எங்க ஊர்லயே எங்கள அண்ணாச்சி ஆக்கிட்டீங்க” என்று சிரித்தார். நல்ல மனிதராக இருக்கிறாரே என்று நினைத்து முடிப்பதற்குள் கேட்டார்.

“உங்க முன்னோருங்க எந்தக் கப்பல்ல வந்தவங்கம்மா?”

இந்தக் கேள்விக்கு நான் வாழ்நாளில் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எந்தக் கப்பலிலும் வரவில்லை. நாங்கள் முத்துக் குளித்துக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் அங்கேயேதான் இருந்தோம். கப்பலில் வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஐந்நூறு வருஷம் போல ஆகிறது, எங்கள் ஆட்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கினார்கள். வாங்கும்போது ஞானத்தகப்பன் என்று ஒருவர் நிற்க வேண்டும், அவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கு ரோச்சா என்று எவனோ ஒரு சிப்பாயோ வியாபாரியோ நின்றிருப்பான். நின்றவன் முகம் யாருக்கும் தெரியாது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. இத்தனையையும் பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவது அபூர்வம், அதை அங்கே யாரும் அறிந்திருக்க நியாயமில்லை.

பெரியவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு வகையறா என்றால் ரத்தம். ஒரே வகையறாவென்றால் பங்காளி, தீட்டு உண்டு, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வெறும் சாட்சிக்கு நின்றவன் பெயரை ஒரு குடும்பமே ஐந்நூறு வருஷம் சுமக்கும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. பெயர் இருந்தால் ஆளும் இருந்திருப்பான் என்று முடித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். அவருடைய இளைய மகளுக்குப் பனமலைப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பத்திரிகை அங்கே போகும். ரோச் என்று பார்த்தால், இவர்கள் வெள்ளைக்காரன் வழியில் பெண் எடுக்கிறார்கள் என்று ஆரம்பிப்பார்கள். “நீங்களும் பொண்ணு பெத்தவங்க, ஒங்களுக்குத் தெரியாததா” என்றார்.

அது நியாயம்தான் என்று எனக்கே பட்டது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

சனிக்கிழமை காலை கற்பகம் என்னைக் கோட்டைக்கு அழைத்துப்போனார். ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். மேலே ஏற என் முட்டி சம்மதிக்கவில்லை. கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியை அண்ணாந்து பார்த்ததோடு சரி. உச்சியில் ஒரு கட்டடம் வெயிலில் மின்னியது. அத்தனை உயரத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் முட்டியை நினைத்துக்கொண்டேன். கீழேயே கல்யாண மகால், நெற்களஞ்சியம் எல்லாம் இருக்கின்றன. கற்பகம் எதன் முன்னாலும் நிற்காமல் நேரே குதிரை லாயத்துக்கு நடத்திப்போனார். வரிசையாக வளைவு வளைவாக அறைகள். “இதான் எங்க வகையறாவுக்குச் சோறு போட்ட எடம்” என்றார். உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது.

அந்த வளைவின் நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை தின்றோம். நிலக்கடலையை அங்கே மல்லாட்டை என்கிறார்கள். மணிலாவிலிருந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டை, அதுதான் நாக்கில் தேய்ந்து மல்லாட்டை ஆனது என்று கற்பகம் பள்ளிக்கூடத்தில் படித்தாராம். சிங்கவரத்தில் அவருடைய பிறந்தவீட்டு நிலத்திலும் அதுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு குரங்கு வந்து, கொடுக்கல் பாக்கி இருப்பது போல உரிமையாக வாங்கிக்கொண்டு வளைவின் மேல் ஏறிவிட்டது. கற்பகம் செருப்பைக் கழற்றினார். எறிவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. அதன்பிறகுதான் நாங்கள் சம்மந்திகளாக இல்லாமல் இரண்டு பெண்களாகப் பேசினோம்.

அவர் கேட்டார், அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம் என்று. காஸ்பர் கதையைச் சொன்னேன்.

ஒருமுறை அவர் கப்பல் போர்ச்சுகலில் ஒரு துறைமுகத்தில் நான்கு நாள் நின்றது. நம் பெயர் பிறந்த ஊருக்கே வந்துவிட்டோம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ரொட்டிக் கடையில் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். கடைக்காரி கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெட்டுக்குத்தாக நின்ற பாறையைக் காட்டினாளாம். ரோஷா, ரோஷா என்றாளாம். பாறையோரம் குடியிருந்தவனை ஊரார் பாறைக்காரன் என்று கூப்பிட்டிருப்பார்கள், அது பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டியிருக்கும். ஸ்பெயினிலும் இதே பெயரில் குடும்பங்கள் இருக்கின்றன என்றும் சொல்லியிருக்கிறாள். கண்ணுக்கெட்டிய தூரம் மணலே இருக்கும் தூத்துக்குடியில், கூழாங்கல்லைக்கூட அதிசயமாகப் பார்க்கும் எங்களுக்குப் பாறை என்று பெயர்.

அத்தோடு விட்டாரா? மறுநாள் ஒரு முடிவெட்டும் கடைப் பலகையில் அதே பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நானும் ரோச், இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றார். சொந்தக்காரனைக் கண்ட மாதிரி அந்த ஆள் கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்த்திருக்கிறார், பாவம். முடிவெட்டுகிறவர் கண்ணாடியில் இவர் முகத்தை ஒரு நொடி பார்த்தார், மரியாதைக்குச் சிரித்தார், வெட்டி முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காஸ்பர் ஊருக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசியில், “அவன் பேரு அவனுக்கு, நம்ம பேரு நமக்குட்டி. ரெண்டும் வேற” என்றார். என் பிறந்தவீட்டுப் பெயர் மச்சாடோ. அதற்குக் கோடாலி என்று அர்த்தமாம். அதையும் அந்த ரொட்டிக்காரியிடம் கேட்டு வந்திருந்தார். என் வாயைப் பார்த்துக்கொண்டே, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டினார்.

கற்பகம் சிரிக்கவில்லை. லாயத்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொள்ளுக்காரன் என்று அவர்கள் தங்களைத் தாங்களே கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், குதிரைக்காரச் சிப்பாய்கள்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் மூத்தாரிடம் பேச அந்த வீட்டில் அவருக்கு வாய் கிடையாது.

வாய் எனக்கு உண்டு. அதுதான் அன்று சாயங்காலம் கெடுத்தது.

கடையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவித்த மல்லாட்டை ஒரு தட்டில் வந்தது. பிரஸ்சில் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துவிட்டார்கள், காலையில் முதல் பத்திரிகை வந்துவிடும், பெயரை ஜெனிட்டா என்று மட்டும் சொல்லிவிட்டேன் என்றார். சொல்லிவிட்டேன்! என்னிடம் கேட்கவில்லை. தட்டில் இருந்ததைக் காட்டினேன்.

“இது மணிலாலேருந்து கப்பல்ல வந்ததுதான அண்ணாச்சி. எந்தக் கப்பல்னு கேட்டுட்டா தின்னுதீங்க? பேரோடதான வந்துச்சு, பேரோடதான கெடக்கு. ஒங்க மண்ணுல மொளைக்கல?”

கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏகாம்பரம் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். பெரியவர் கையில் இருந்த கடலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, வரேன்மா என்று எழுந்து போய்விட்டார். நாலு பேர் முன்னால் பெரிய மனிதரை அப்படிப் பேசியிருக்கக்கூடாது. சொன்னது சரி, சொன்ன இடம் தப்பு. கோடாலி வீட்டில் பிறந்தவளுக்கு அது எப்போதும் பிறகுதான் உறைக்கும்.

செய்தி சென்னைக்கு என்னைவிட வேகமாகப் போய்விட்டது. ஜெனிட்டா போன் செய்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் எளிதாக முடிந்திருக்கும்.

“அப்பா பத்திரிகைலயாம்மா இருக்காரு?” என்றாள். “அதுல இல்லன்னா நான் மறந்துருவேன்னு நெனைக்கியா?”

நான் போனை வைத்துவிட்டு அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றேன். மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, வெறும் களைப்புதான். நானே வாக்கப்பட்டு வந்து வாங்கிக்கொண்ட பெயர். அவரே எவனோ ஒருவனிடம் வாங்கிக்கொண்ட பெயர். அந்த எவனோ ஒருவனும் ஒரு பாறையிடமிருந்து வாங்கியதுதான். யாருக்குமே சொந்தமில்லாத ஒன்றுக்காக மகள் வாழ்க்கையில் கல்லைப் போடுகிறேனா? கீழே இறங்கிவந்து கற்பகத்திடம், அண்ணாச்சி இஷ்டப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஆறுதல். எனக்கு அவரை ஏமாற்றிவிட்டு வந்தது போல இருந்தது. அவர் என்று நான் சொல்வது காஸ்பரை.

ஞாயிற்றுக்கிழமை காலை குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிரஸ்சில் முதலில் ஒரே ஒரு பத்திரிகைதான் அடிப்பார்கள். அதற்கு மஞ்சள் தடவிக் குலதெய்வத்தின் முன்னால் கொண்டுபோய், குடும்பத்துக்கு மூத்தவர் உரக்கப் படிக்க வேண்டும். அம்மன் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் அச்சாகும். செஞ்சியில் அந்தப் பிரஸ்காரருக்கும் இது தெரியும், சொல்ல வேண்டியதில்லை. வேற்று மதக்காரி நான் வரலாமா என்று கேட்டேன். பொண்ணு வீட்டுக்காரர் இல்லாமல் படிக்கவே முடியாது என்றார் ஏகாம்பரம்.

ஊருக்கு வெளியே, இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் பச்சையம்மன். கூரை கிடையாது. ஒரு வேப்பமரம், சூலம், எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு கல்மேடை, அவ்வளவுதான். காற்று பாறைச் சந்துக்குள் புகுந்து அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க் கடற்கரைக் காற்றைப் போலவே புடவையைப் பிடித்து இழுத்தது. பெரியவர் என்னைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். நேற்றையதற்கு மன்னிக்கணும் என்றேன். அதெல்லாம் இன்னாம்மா என்று வேறு பக்கம் பார்த்தார். பூசாரி வயதானவர், காது மந்தம். நேற்று கடையில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது.

பொங்கல் படைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் பெரியவர் பத்திரிகையைப் பிரித்தார். நாள், நேரம், மண்டபம் எல்லாம் படித்தார். கொள்ளுக்காரர் வகையறா ஏகாம்பரம் மகன் தினேஷ் என்று படித்தார். தூத்துக்குடி, காலஞ்சென்ற காஸ்பர் மகள் ஜெனிட்டா என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

பூசாரி கையைத் தூக்கி நிறுத்தினார். “பொண்ணு இன்னா வகையறா?”

பெரியவர் பத்திரிகையையே பார்த்தார். அதில் இல்லை. இல்லாதபடி செய்தவர் அவர்தான். தூத்துக்குடிப் பொண்ணு என்றார். தன் கேள்வி பெரியவர் காதில் விழவில்லையோ என்று பூசாரி மறுபடி கேட்டார், ஊர் சரி, வகையறா என்ன என்று. எல்லாருக்கும் கேட்கிற கேள்விதான். அங்கே நின்று படித்த ஒவ்வொருவரையும் நாற்பது வருஷமாக அவர் கேட்டிருப்பார். வகையறா சொல்லாமல் ஒரு பெண்ணை அம்மனிடம் காட்டினால், யாரோ வந்திருக்கிறாள் என்றுதான் அம்மன் நினைப்பாள், அந்த வீட்டுப் பெண்ணாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். கற்பகம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகு திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா.”

“ரோச் வகையறா” என்றேன். பூசாரிக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னேன்.

பூசாரிக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. எந்தக் கப்பல் என்று அவர் கேட்கவில்லை. சூலத்தின் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில், “ஆத்தா, கொள்ளுக்காரன் வகையறா பையன், ரோச் வகையறா பொண்ணு. ரெண்டு பேரும் ஒன் புள்ளைங்க, பாத்துக்க” என்றார். அவர் பாட்டுக்கு விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

பெரியவர் அங்கேயே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பத்திரிகையைப் பாறையில் வைத்து அழுத்திக்கொண்டு, காஸ்பர் என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ரோச் என்று எழுதினார். ஜெனிட்டாவுக்குப் பக்கத்திலும் எழுதினார். தம்பியைக் கூப்பிட்டார்.

“பிரஸ்ல சொல்லிடு, இதே மாதிரியே அடிக்கட்டும். சாமிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு ஊருக்கு ஒண்ணு சொல்ல முடியாது.”

பனமலை, என்று ஏகாம்பரம் இழுத்தார். என் பொண்ணு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் பெரியவர். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். காஸ்பர் போனபோதுகூட அப்படி அழவில்லை, அன்று வந்தவர்களுக்குக் காபி போட வேண்டியிருந்தது. கற்பகம் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுகிற பெண்ணை என்ன செய்வது என்று தெரியாத எல்லா ஆண்களையும் போலப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார்.

“அதுக்கு இன்னாம்மா அர்த்தம்?”

“பாறைன்னு அர்த்தம் அண்ணாச்சி.”

அவர் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காற்று பத்திரிகையைப் பாறையிலிருந்து கிளப்பப் பார்த்தது. குனிந்து, காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, அவர் எழுதிய இடம் மறையாதபடி ஓரமாகப் பார்த்துப் பத்திரிகையின் மேல் வைத்தார்.

“இனிமே எங்கியும் போவாது” என்றார்.